கால் பட்டா தொட்டுக்கணும்

எங்க ஸ்கூல் கிரவுண்டு சரிவு. கரியாலூர்ப் பக்கம் மலையில வூடு கட்டவே சமமா ஒரு இடம் கெடைக்கிறது பெரும்பாடு, இதுல புட்பாலுக்கு எங்க போறது. மேல் பக்கத்து கோல்போஸ்ட்டுலேருந்து பந்தை வுட்டா, யாரும் ஒதைக்காமலே உருண்டு, கீழ் கோல்போஸ்ட்டைத் தாண்டி, வேலியில இருக்குற சந்து வழியா ஓடைக்குப் போயிடும். ஒருத்தி எறங்கிப் போய் எடுத்துக்கினு ஏறி வரணும். அதுக்குள்ள பீரியடு முடிஞ்சு மணி அடிச்சுடும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு ஸ்டாப் ரூம்ல என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. அய்யா, இங்க கூடமே கோணல்தான், வந்து நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க.

நான் பி.டி. டீச்சர். பொறந்தது மணலூர்பேட்டைப் பக்கம், இப்போ வூடு கள்ளக்குறிச்சியில. இருட்டு பிரியறதுக்குள்ள கெளம்பி, கச்சிராயபாளையத்துல பஸ் மாறி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவா ஏறி வந்து எறங்கறதுக்குள்ள இடுப்பு தனியா கழண்டு வந்துடும். வருசக்கணக்கா இதேதான். எடது முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். "ஓடாதீங்க, குனியாதீங்க, மாடிப்படி ஏறாதீங்க"ன்னார். மலை ஏறலாமான்னு கேக்க வாய் வந்துச்சு. எதுக்கு வம்புன்னு மாத்திரையை வாங்கிக்கினு வந்துட்டேன்.

நான் சொல்லித் தர்ற மொத்தப் பாடமும் ஒண்ணுதான், பந்தை அடக்குறது. ஒதைக்கறதுக்கு டீச்சர் எதுக்கு? கழுதைக்குக் கூட ஒதைக்கத் தெரியும். வர்ற பந்தைக் காலுல வாங்கணும், அது திமிறிக்கினு ஓடாம பக்கத்துலயே வெச்சுக்கணும், உள்ளங்காலால ஒரு தட்டு, பாதத்து உள்பக்கத்தால ஒரு தட்டு, அப்படியே எதுர்ல நிக்கிறவளைத் தாண்டிப் போவணும். அதுவும் பந்தையே பாத்துக்கினு போவக் கூடாது, தலை நிமிந்து இருக்கணும். "கைப்புள்ளையை இடுப்புல வெச்சுக்கினு உங்கம்மா சோறு வடிக்கிறாங்க இல்ல, புள்ளையையா பாத்துக்கினு இருக்காங்க? ஆனா புள்ளை எங்க இருக்குதுன்னு தெரியும் இல்ல? அந்த மாதிரிடி"ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு.

நடுவுல நட்டு வெச்சு வளைஞ்சு வளைஞ்சு ஓட கோன் வேணும். கோனுக்கு எங்க போக? செங்கல்லு வெச்சுப் பாத்தேன், வெறுங்காலு, விரல் பேந்துக்கினு நின்னாளுங்க. அப்பால ஒருத்தி அவங்க கொல்லையிலேருந்து மரவள்ளிக் குச்சி ஒரு கட்டு கொண்டாந்தா. அதை வரிசையா ஊனி வெச்சோம். ரெண்டு மழை பேஞ்சதும் குச்சியெல்லாம் துளுத்துக்கிச்சு. எங்க பொண்ணுங்க மரவள்ளித் தோட்டத்துக்குள்ள புட்பால் ஆடுறாங்கன்னு ஹெட்மாஸ்டர் சொன்னார். கெழங்கு வெச்சா எனக்கும் ஒண்ணு குடுங்கன்னார். எனக்கு சிரிக்கக் கூட தெம்பு இல்லை.

அந்தக் குச்சிங்களுக்கு நடுவுலதான் அந்தப் பொண்ணை முதல்ல கவனிச்சேன். பத்தாவது படிச்சுக்கினு இருந்தா. ஒல்லி, தோளு கொஞ்சம் குறுகி இருக்கும், வாயத் தொறந்து பேசவே மாட்டா. பந்து மட்டும் அவ காலைவிட்டுப் போவாது. மத்தவளுங்க பந்தைத் தொரத்திக்கினு போவாளுங்க, இவளைப் பந்து தொரத்திக்கினு வரும். அந்தச் சரிவுல, எறக்கத்தைப் பாத்து ஓடறப்பவும் பந்து காலுக்கு முன்னால ஒரு சாண் தாண்டாது. நான் சொல்லிக் குடுத்து வந்ததில்லை அது. நான் எத்தினியோ பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன், ஒருத்திக்கும் அப்படி வரலை. விசிலை வாயிலேருந்து எடுத்துட்டு சும்மா பாத்துக்கினு நின்னேன்.

அடுத்த நாள் ஒருத்திக்கு ஒருத்தி விட்டு ஆட வெச்சேன். இவ பந்தோட வர்றா, எதுர்ல ஒருத்தி நிக்கிறா. இவ எடப்பக்கம் போற மாதிரி தோளைச் சாச்சு வலப்பக்கம் வெட்டுனா. ஆகா, பிரமாதம். வெட்டுறப்போ எதுராளியோட விரல் மேல இவ கால் பட்டுடுச்சு. அவ்வளவுதான். பொட்டுன்னு நின்னா, குனிஞ்சா, அந்தப் பொண்ணோட காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினா. பந்து எங்கன்னு கேக்கறீங்களா? ஓடையில.

"ஏ, இன்னாடி பண்றே?"ன்னேன்.

"கால் பட்டுடுச்சு மிஸ்."

"பட்டா?"

என்னைப் பாத்தா. இதெல்லாமா ஒரு கேள்வின்னு கண்ணுல தெரிஞ்சுது. "தொட்டுக்கணும் இல்ல மிஸ்."

எனக்குத் தெரியாதா? நாங்க கிறிஸ்தவங்க. வேதப்புத்தகத்து மேல கால் பட்டா எடுத்து முத்தம் குடுக்கணும்னு எங்கம்மா சொல்லி வளத்தாங்க. மனுசங்க மேல பட்டாலும் அதே கணக்குதான், விரலால தொட்டு உதட்டுல வெச்சுக்கணும். மறந்துட்டா முதுகுல ஒண்ணு விழும். இங்க கண்ணுல ஒத்திக்கிறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். மத்தவளுங்களும் அதே மாதிரி வூட்லேருந்து வந்தவளுங்கதான். ஆனா சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள வந்தா கால் கணக்கு இல்லைன்னு அவளுங்களே ஒரு சட்டம் வெச்சுக்கினாளுங்க. இவளால மட்டும் அது முடியலை.

மத்தவளுங்க லேசுப்பட்டவளுங்களா? ஒரே வாரத்துல கண்டுபுடிச்சுட்டாளுங்க. இவ பந்தோட வந்தா, பந்தைப் புடுங்கப் பாக்க மாட்டாளுங்க, இவ காலுக்கு அடியில அவளுங்க காலை வெச்சுடுவாளுங்க. இவ மிதிப்பா, குனிவா, அவளுங்க பந்தைத் தட்டிக்கினு போயிடுவாளுங்க. கெக்கெக்கேன்னு ஒரே சிரிப்பு. "கும்புடு"ன்னு பட்டப்பேரு வேற. இவளும் சேந்து சிரிப்பா. கோவமே வராது. அதைப் பாத்து எனக்குத்தான் பத்திக்கினு வரும்.

இதெல்லாம் கிரவுண்டு வெளையாட்டா இருந்த வரைக்கும் சரி. ஒரு நாள் அவங்கப்பா ஸ்கூலுக்கு வந்தார். சாமையும் மரவள்ளியும் போடுறவரு, அமைதியான மனுசன். துண்டை எடுத்துக் கையில வெச்சுக்கினு வேப்பமரத்தாண்டயே நின்னார், உக்காரச் சொன்னா உக்காரலை.

"பத்தாவதோட நிறுத்திடலாம்னு இருக்கேங்க மிஸ். பெரிய பொண்ணு திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குது. இதையும் அதாண்ட அனுப்பிட்டா ரெண்டும் ஒண்ணா இருந்துக்கும்."

"அது புட்பால் எப்பிடி ஆடுதுன்னு பாத்திருக்கீங்களா?"

"ஆடுதுன்னு சொல்லுவாங்க. வூட்ல வெச்சுக்கினு இன்னாங்க பண்றது? வெச்சிருந்தா கண்ணாலம் பண்ணுன்னு எங்கக்கா வந்து குந்திக்கிது."

பொங்கல் முடிஞ்சு கள்ளக்குறிச்சியில விளையாட்டு விடுதிக்கு செலக்‌ஷன் வெக்கிறாங்கன்னு சொன்னேன். எடுத்துட்டாங்கன்னா பெரிய ஊர்ல தங்க வெச்சு, சோறு போட்டு, பிளஸ் டூ வரைக்கும் படிக்க வெச்சு, ஆடவும் சொல்லிக் குடுப்பாங்கன்னேன்.

"கெடச்சா படிக்கட்டுங்க. நானா வேணாம்ங்கறேன்? கெடைக்கலைன்னா திருப்பூரு. அப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்"னேன். போறப்போ கேட்டேன், கால் பட்டா குனியிறதை எப்பிடி நிறுத்துறதுன்னு. அவருக்குப் புரியவே இல்லை. "எங்க வூட்டு வாசல் பூரா சாமை காஞ்சுக்கினு கெடக்கும். மிதிக்காம நடக்க முடியுங்களா? எங்க புள்ளைங்க நடக்கக் கத்துக்கறதுக்கு முன்ன குனியக் கத்துக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்றாங்களே, அதோட மல்லுக்கட்டணும்னு என் தலையில எழுதி இருக்குது. நான் எங்க போய் முட்டிக்க?

முதல்ல கத்திப் பாத்தேன். நான் கத்துனா ஓடைக்கு அந்தாண்ட மாடு மேய்க்கிறவங்க திரும்பிப் பாப்பாங்க, இவ மட்டும் குனிஞ்சுதான் நிமிருவா. அப்பால ரெண்டு கையிலயும் ஒரு மரவள்ளிக் குச்சியைக் குடுத்து, முதுகுக்குப் பின்னால புடிச்சுக்கினு ஓடுன்னேன். கால் பட்டதும் கையி வரலை, தலை குனிஞ்சுது. நெத்தியால எதுராளி முட்டியைத் தொடப் பாத்து ரெண்டு பேரும் உருண்டாளுங்க. சரி, போவட்டும், எல்லாத்தையும் சேத்து வெச்சு ஆட்டம் முடிஞ்சப்புறம் மொத்தமா தொட்டுக்கோடின்னேன். ஒத்துக்கினா. விசில் ஊதுனதும் பாத்தா பாவம், ஒவ்வொருத்தியா போயி, "உன்னை மிதிச்சேனா? உன்னை மிதிச்சேனா?"ன்னு கேட்டுக்கினு நிக்கிறா. மிதி படாதவளுங்களும் மிதிச்சே மிதிச்சேன்னு காலை நீட்டிக்கினு நின்னாளுங்க.

ஒரு நாள் தண்ணி குடிக்கறப்போ பக்கத்துல வந்து நின்னா. "மிஸ், செலக்‌ஷன்ல ஷூ போட்டுக்கினு மிதிச்சா வலிக்கும் இல்ல?"

"வலிச்சா ரெஃப்ரி பாத்துக்குவார். விசில் ஊதுவார். அது அவரு வேலை, உன் வேலை இல்லை."

"ரெஃப்ரி தொட்டுக்குவாரா மிஸ்?"

எனக்கு முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிச்சுக்கினு இருந்துச்சு. போய் ஆடுடின்னு தொரத்துனேன்.

கடைசியில ஒரே வழிதான் மிஞ்சுச்சு. அவ பந்தைத் தொட்டதுலேருந்து நான் கூடவே கோட்டோரமா நொண்டிக்கினு ஓடுவேன். கால் பட்டுதோ இல்லையோ, "குனியாதே! பந்து போய்டும்! குனியாதே! பந்து போய்டும்!"ன்னு கத்திக்கினே இருப்பேன். அடி மேல் அடி வெச்சா அம்மியும் நகரும் இல்ல? மார்கழிப் பனியில, வாயிலேருந்து பொக வர, காலையில அதே, சாயங்காலம் அதே. ஸ்கூல் பூரா பரவிப் போச்சு. சத்துணவு சமைக்கிற அம்மா அடுப்பை ஊதக் குனிஞ்சா, சின்னதுங்க "குனியாதே, பந்து போய்டும்"னு கத்திட்டு ஓடுங்க. ஹெட்மாஸ்டர் பேனாவைக் கீழ போட்டா கூட எவளாவது ஜன்னல்லேருந்து சொல்லுவா. நான் பஸ்ல தூங்கறப்பக் கூட அதையே முணுமுணுத்தேன்னு கண்டக்டர் சொன்னார்.

நகந்துச்சு. தை மாசம் பொறக்கறதுக்குள்ள கை பாதி வழியில நின்னுச்சு. இடுப்பு வரைக்கும் எறங்கும், என் சத்தத்தைக் கேட்டுட்டு மேல போயிடும். முகத்துல மட்டும் ஒரு மாதிரி சுளிப்பா, தும்மல் வந்து அடங்குன மாதிரி. ஆனா நான் கத்துனாத்தான் நிக்குது, வாயை மூடுனா குனிஞ்சுடுறா. செலக்‌ஷன்ல என்னைக் கத்த வுட மாட்டாங்களே. அந்தப் பொண்ணு பனியன் கம்பெனிக்குப் போறதும் போகாததும் அந்த ஒரு கையில இருந்துச்சு.

செலக்‌ஷன் அன்னிக்கு, முந்தின ராத்திரி மலையிலயே தங்கிட்டு, மொத பஸ்ல அவளைக் கூட்டிக்கினு எறங்குனேன். கூட துணைக்கு டீம்லேருந்து நாலஞ்சு பேரு. ஒருத்தியோட அண்ணன் ஷூவை எரவல் வாங்கியாந்து மாட்டி விட்டாங்க. அது பெருசு, முன்னால துணி அடைச்சு இருந்துச்சு. கள்ளக்குறிச்சி கிரவுண்டைப் பாத்ததும் அவ கேட்டது, "இன்னா மிஸ், இது இவ்ளோ தட்டையா கெடக்குது?" உளுந்தூர்பேட்டை, களமருதூர், எங்க மணலூர்பேட்டைன்னு எல்லாப் பக்கத்துலேருந்தும் பொண்ணுங்க வந்திருந்தாங்க. எல்லாருக்கும் அப்பா, மாமா, சித்தப்பான்னு ஒரு கூட்டம். பந்தலுக்கு அடியில செலக்டருங்க நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்க. டீச்சருங்க கயித்துக்கு வெளிய நிக்கணும், சத்தம் போட்டா பொண்ணை வெளிய அனுப்பிடுவோம்னு மைக்ல சொல்லிட்டாங்க.

பந்து தட்டறதுலயும் வளைஞ்சு ஓடறதுலயும் இவளை மிஞ்ச ஆளில்லை. சரிவுல அடக்குன பந்தாச்சே, தட்டைத் தரையில அது பூனைக்குட்டி மாதிரி கூடவே வந்துச்சு. அப்புறம் ஆளைப் பிரிச்சு ஆட்டம் வுட்டாங்க. ரொம்ப நேரம் இவளுக்குப் பந்தே வரலை. கடைசியா வந்துச்சு. வாங்குனா, திரும்புனா, ஒருத்தியைத் தாண்டுனா. அடுத்ததா எதுர்ல வந்தது ஒரு குட்டையான பொண்ணு, ரெட்டை ஜடை போட்டது. இவ தோளைச் சாச்சு வலப்பக்கம் வெட்டுனா. அந்தப் பெரிய ஷூ அந்தப் பொண்ணோட பாதத்து மேல நல்லா எறங்குச்சு. "அய்யோ அம்மா"ன்னு அது கத்துனது கயித்துக்கு இந்தாண்ட எனக்குக் கேட்டுது.

நான் வாயைப் பொத்திக்கினேன். ஏசுவே, குனியக் கூடாது, ஏசுவே, குனியக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள. ரெஃப்ரி விசில் ஊதலை. அவ கையைத்தான் பாத்தேன். கை அசையவே இல்லை. இடுப்பு வரைக்கும் கூட வரலை. பந்தை ஒரு தட்டு தட்டி முன்னால வுட்டு, கோலுக்குள்ள ஓரமா உருட்டி விட்டா. திரும்பிக் கூடப் பாக்கலை.

பொய் சொல்லக் கூடாது, குதிச்சேன். இந்த முட்டியை வெச்சுக்கினு குதிச்சேன். டாக்டர் பாத்திருந்தா மாத்திரையை எழுதித் தந்த கையாலயே அறைஞ்சிருப்பார்.

மத்தியானத்துக்கு மேல மைக்ல பேரு படிச்சாங்க. இவ பேரு வந்துச்சு. அவங்கப்பாவுக்குப் போன் போட்டேன், மலையில சிக்னல் கெடச்சு லைன் வர்றதுக்குள்ள உயிர் போச்சு. "எடுத்துட்டாங்கங்க"ன்னேன். "அப்போ திருப்பூருக்கு வரலைன்னு பெரிய பொண்ணாண்ட சொல்லிடுறேன்"னார். நல்லா படிக்க வெய்யிங்கன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன்.

போனை வெச்சுட்டு நிமிந்தா, அந்த ரெட்டை ஜடை எங்களைத் தாண்டிப் போய்க்கினு இருந்துச்சு. அது பேரு வரலை. ஒரு கால்ல செருப்பு இல்லை, விரல்ல துணி சுத்தி இருந்துச்சு, அப்பா தோளைப் புடிச்சுக்கினு நொண்டி நொண்டிப் போச்சு. நான் எங்க பொண்ணைத் திரும்பிப் பாத்தேன். போவா, போய்த் தொட்டுக்குவான்னு நெனச்சேன். ஆட்டம்தான் முடிஞ்சு போச்சே, இப்போ இன்னா? அவ கரும்புச் சாறு குடிச்சுக்கினு இருந்தா. ரெட்டை ஜடையைப் பாக்கத்தான் பாத்தா. பாத்துட்டு, டம்ளரைக் கவுத்து அடியில இருந்த ஐஸை வாயில போட்டுக்கினா. சரி, சின்னப் பொண்ணு, சந்தோசத்துல இருக்குதுன்னு விட்டுட்டேன். ஆனா அந்தக் கரும்புச் சாறு எனக்கு எறங்கலை.

அன்னிக்கு பொண்ணுங்களை மேல கொண்டு போய் விட வேண்டியது நான்தான். சாயங்கால பஸ்ல கூட்டம்னா கூட்டம், சந்தைக்கு வந்து திரும்புறவங்க, மூட்டை, கோழி, எல்லாம். உக்கார எடமில்லை. கம்பியைப் புடிச்சுக்கினு நின்னேன், அவ எனக்கு முன்னால நின்னா. எரவல் ஷூவைக் கழட்டிக் கழுத்துல மாட்டிக்கினு வெறுங்காலோட இருந்தா. மத்தவளுங்க பாட்டுப் பாடிக்கினு வந்தாளுங்க. எனக்குக் கண்ணு சொக்குச்சு. இனிமே காலையில யாரு கூட ஓடிக் கத்தப் போறேன்னு ஒரு நிம்மதி, அதுவே கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு.

அணையைத் தாண்டி மொத வளைவுல பஸ் சடார்னு ஒடிச்சுது. என் பாரம் பூரா ஒரு பக்கம் சாஞ்சு, என் கேன்வாஸ் ஷூ அவ வெறுங்கால் மேல எறங்கிடுச்சு. நல்ல மிதி. அவ "ஸ்"ன்னா.

நான் யோசிக்கவே இல்லை. ஒரு கை கம்பியில, இன்னொரு கை தானா கீழ போயிடுச்சு. அந்தக் கூட்டத்துல, மூட்டைக்கும் கோழிக்கும் நடுவுல, முட்டி கடக்குன்னு சத்தம் போட, பல்லைக் கடிச்சுக்கினு குனிஞ்சு, அவ கால் விரலைத் தொட்டு, விரலை உதட்டுல வெச்சேன். நிமிர முடியலை. அப்படியே பாதியில நின்னேன்.

அவ என் தோளைப் புடிச்சு, பதமா மேல தூக்கி விட்டா. கிண்டலா இல்லை, சிரிக்கக் கூட இல்லை. பெரியவங்க தப்பு பண்ணா புள்ளைங்க மெதுவா எடுத்துச் சொல்லுமே, அந்த மாதிரி காதாண்ட வந்து சொன்னா.

"குனியாதீங்க மிஸ். பந்து போய்டும்."